விண்கப்பலுக்கு வைத்த குங்குமம்

விண்கப்பலுக்கு யாராவது குங்குமம் வைப்பார்களா? என் அப்பா வைத்தார். ஒன்றுக்கு அல்ல, பன்னிரண்டுக்கும் வைத்தார். ஒவ்வொன்றின் மூக்கிலும் சந்தனத்தைக் குழைத்துப் பொட்டிட்டு, அதன் மேல் குங்குமம் வைத்தார். மூன்று விரலால் விபூதி இழுக்க இடம் போதாததால், தீக்குச்சியால் மூன்று கோடு போட்டார். அதுவும் போதாதென்று முதுகில் ஆளுக்கொரு சாமந்தி இதழை ஒட்டி வைத்தார். இது நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் காது சூடாகிறது. கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்களில் ஒருவர்கூடக் கட்டைவிரல் அளவு கப்பலுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்துப் பார்த்தவர் இல்லை.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அல்சூரில் ஏரிக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டினார். காலையில் டிபன் டப்பாவோடு கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போவார். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். மாடியில் இருந்த ஒற்றை அறையில் மாமா இருந்தார். அம்மாவுக்குத் தம்பி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, கல்யாணம் ஆகவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் விமானம் ஏறியவர் என்பதால், அவர் என்ன செய்தாலும் அதில் ஏதோ விஷயம் இருக்கும் என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள்.

கம்பெனி அவரை ஆறு மாதம் அமெரிக்காவுக்கு அனுப்பியது. அங்கே போனவர்கள் சென்ட்டும் சாக்லேட்டும் வாங்கி வருவார்கள். மாமா ஒரு அட்டைப்பெட்டியில் விண்கப்பல்கள் வாங்கி வந்தார். எல்லாம் சாம்பல் நிறப் பிளாஸ்டிக். பெரியது கட்டைவிரல் நீளம், சிறியது புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரியது. கூடவே பொடிப் பொடி டப்பாக்களில் பெயிண்டும் இருந்தது. "முப்பது வயசு ஆம்பளைக்கு பொம்மையாடா?" என்று அம்மா கேட்டாள். "இது பொம்ம இல்லக்கா, கேமு" என்றார் மாமா. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. ஆனால் விமானத்தில் வந்த சாமான் என்பதால் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவும் அவருடைய ஆபீஸ் நண்பர்களும் இந்திரா நகரில் ஒருவருடைய ஃபிளாட்டில் கூடுவார்கள். நீள மேஜையில் கறுப்புத் துணியை விரித்து, வெள்ளைப் புள்ளி தெளித்து அதை வானமாக்கியிருந்தார்கள். ஆளுக்கொரு கப்பல் படை. அளவு நாடாவால் அளந்து கப்பலை நகர்த்துவார்கள், டைஸ் உருட்டி எதிராளியின் கப்பலைச் சுடுவார்கள். அந்த வீட்டுக்காரர் முடியைப் பின்னால் கட்டியிருப்பார், அதனால் எங்களுக்குள் அவர் குடுமிக்காரர். பெயிண்ட் அடிக்காத கப்பல் மேஜையில் ஏறக் கூடாது என்று அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். யாரும் போடாமலே எல்லாரும் கடைப்பிடித்த இன்னொரு சட்டம், சின்னப் பிள்ளைகள் மேஜைப் பக்கம் வரக் கூடாது என்பது. மாமாவோடு இரண்டு தடவை போயிருக்கிறேன். இரண்டு தடவையும் என் கையில் ஜூஸ் பாக்கெட்டைக் கொடுத்து, சோபாவில் உட்கார வைத்து, டி.வி.யைப் போட்டுவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் வானத்தில் யுத்தம் நடக்கிறது, நான் திரும்பிப் பார்க்காமல் கார்ட்டூன் பார்க்க வேண்டுமாம்.

முதல் கப்பலுக்கு மாமா தானே பெயிண்ட் அடித்துப் பார்த்தார். குட்டி டப்பாக்களைத் திறக்க மனசு வராமல், வாசல் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த எனாமலில் பிரஷ்ஷை முக்கி அப்பினார். கப்பலின் மேல் தகடு தகடாக ஓடிய கோடுகள், ஜன்னல்கள், பீரங்கிகள் எல்லாம் பெயிண்டுக்குள் மூழ்கி, வெண்ணெய் தடவிய பன் மாதிரி ஒன்று வந்தது. அதை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். நான் பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பரிசு வாங்குகிறவள் என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"பன்னண்டையும் நீயே அடிச்சு முடி. பாதிக் கப்பல் உன்னுது. ஆயுத பூஜைக்கு மறு ஞாயித்துக்கிழம பெரிய ஆட்டம் இருக்கு. சேர் போட்டு உட்காந்து நீயே டைஸ் உருட்டு" என்றார்.

"சோபா இல்லையே?"

"சத்தியமா சேரு."

எனக்கு வேண்டியது அந்த நாற்காலி. கப்பல்கூட அப்புறம்தான்.

அது என்ன மாதிரி வேலை என்று யாருக்கும் தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். முதலில் கப்பலைச் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அச்சில் வார்க்கும்போது ஒட்டிக்கொண்ட எண்ணெய்ப் பசை போகாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது. பிறகு ஓரத்தில் துருத்தும் பிசிறை மெல்லிய அரத்தால் ராவ வேண்டும். பிறகு கப்பலைக் காலி ஃபிலிம் டப்பாவின் தலையில் ஒட்டிவிட்டு டப்பாவைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும், கப்பலைத் தொடக் கூடாது. அடியில் ஒரு சாம்பல் பூச்சு, அது காய்ந்த பின் நிறம். மாமா கேட்டது வெள்ளை. வெள்ளையைப் போல அயோக்கிய நிறம் வேறு கிடையாது. கெட்டியாக அடித்தால் சுண்ணாம்புச் சுவர், நீர்க்க அடித்தால் அடியிலிருக்கும் சாம்பல் பல்லைக் காட்டும். பால்காரர் மாதிரி தண்ணீர் கலந்து, ஒரு பூச்சு அடித்துக் காய விட்டு, மறுபடி அடித்து, மறுபடி காய விட்டு, அது கேட்கும் பொறுமைக்கு நாம் பணிய வேண்டும்.

வெள்ளை ஏறியதும் கரும் நீல மையை நன்றாக நீர்க்கக் கரைத்து, ஒரு சொட்டுச் சோப்பு விட்டு மேலே ஓட விட வேண்டும், மாமா பாஷையில் 'வாஷ்'. அது மேடான இடங்களில் நிற்காது, தானாக வழிந்து பள்ளங்களிலும் கோடுகளிலும் போய்த் தங்கும். அப்போதுதான் தகடு தகடாகத் தெரியும், கப்பல் பெரிதாகிவிடும். அது காய்ந்ததும் பிரஷ்ஷில் வெள்ளையைத் தொட்டு, தொட்டதையெல்லாம் பேப்பரில் துடைத்துவிட்டு, இனி ஒன்றுமே இல்லை என்று தோன்றும் பிரஷ்ஷால் விளிம்புகளில் மட்டும் உரச வேண்டும். கடைசியில் ஜன்னல். நாலைந்து மயிர் மட்டும் விட்டு மற்றதைக் கத்தரித்த பிரஷ்ஷால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, எள்ளைவிடச் சின்னதாக மஞ்சள் புள்ளிகள். பெரிய கப்பலில் மூன்று மாடிக்கு ஜன்னல் இருந்தது.

நான் மூச்சைப் பிடிக்கும் நேரம் பார்த்துத்தான் அம்மா தையல் மெஷினை மிதிப்பாள். ஒரே அறை, ஒரே தரை. அவள் மிதித்தால் என் மேஜை அதிரும், ஜன்னல் கோணிக்கொண்டு போகும். அந்த இரண்டு மாதமும் அம்மாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஜாக்கெட் வந்ததோ, மெஷின் ஓயவே இல்லை. நான் கத்துவேன். அவள், "ஊருல இல்லாத கப்பலு" என்பாள். இதில் அப்பா மட்டும் என் கட்சி. "பாப்பா ஜன்னல் வெக்கறா, அஞ்சு நிமிஷம் நிறுத்தேன். கை நடுங்குது பாரு அவளுக்கு" என்பார். அம்மா நிறுத்திவிட்டு, ஊசியில் நூல் கோர்ப்பது போலப் பாவனை செய்துகொண்டு காத்திருப்பாள்.

அப்பா அந்த நாட்களில் சாயங்காலம் சீக்கிரமே வந்துவிடுவார். வந்து முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வார். தொழிற்சாலையில் வைத்திருந்த தன் டூல்ஸ் பெட்டியையும் ஒரு நாள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். அதிலிருந்த மெல்லிய அரமும் எமரி பேப்பரும் எனக்கு வசதியாகப் போயிற்று. ஆனால் அவர் கேட்கும் கேள்விகள் எரிச்சலாக இருக்கும்.

"இதுக்கு எஞ்சின் எங்க பாப்பா?"

"பின்னாடி, அந்த ஓட்டைங்கதான்."

"ஆயில் எங்க ஊத்தறது?"

"அதுக்கு ஆயில் இல்லப்பா!"

"ஆயில் இல்லாம எந்த வண்டி ஓடும்?" என்று அவர் யோசிப்பார். பிறகு, "கொஞ்சம் பளபளன்னு இருந்தா எடுப்பா இருக்கும்" என்பார். விண்கப்பல் பளபளக்கக் கூடாது என்பதை நான் எத்தனை தடவை சொல்லியும் அவர் தலையில் ஏறவில்லை.

பளபளக்காத வார்னிஷ் ஒன்று பாக்கி இருந்தது. அதை மேலே அடித்தால்தான் பெயிண்ட் நிலைக்கும். அது வரைக்கும் காய்ந்த பெயிண்டும் வெள்ளையடிக்காத புதுச் சுவர் மாதிரிதான், எந்தச் சாயம் பட்டாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். இங்கே கடைகளில் கிடைக்கவில்லை. மாமாவின் நண்பர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து சனிக்கிழமை கொண்டுவருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. அதற்குள் பன்னிரண்டும் முடிந்துவிட்டன. ஜன்னல் அலமாரியில் வரிசையாக நிறுத்தி, யாரும் தொடக் கூடாது என்று வீடு முழுக்கச் சொல்லி வைத்தேன். அப்பாவிடம் தனியாகவும் சொன்னேன். "தொட மாட்டேம்மா" என்றார். என் காதால் கேட்டேன்.

வழக்கமாக ஆயுத பூஜைக்கு அப்பா எங்களைத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போவார். அன்றைக்கு மட்டும் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். லேத் மெஷினை முந்தின நாளே மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, மாவிலை கட்டி வைத்திருப்பார். அதற்கு அவர் பொட்டு வைக்கும்போது எங்களை யாரையும் கிட்டே விட மாட்டார். பூசணிக்காய் உடைத்து, பொரியும் ஒரு டப்பா ஸ்வீட்டும் கொடுத்து அனுப்புவார்கள். அந்த வருஷம், "ஃபேமிலியக் கூப்பிடல பாப்பா" என்றார். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஸ்வீட் போனால் போகிறது, ஒரு பகல் முழுக்கக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அன்று காலை பூசணிக்காய் வாங்க அம்மாவோடு மார்க்கெட்டுக்குப் போனேன். ரோடெல்லாம் பூசணிக்காய்க் குவியல், ஆட்டோக்கள் எல்லாம் மாலை போட்டுக்கொண்டு நின்றன. கூட்டத்தில் இடிபட்டு நாங்கள் திரும்பி வருவதற்குள் அப்பா தனியாகவே பூஜையை முடித்திருந்தார். தையல் மெஷினுக்குப் பொட்டு, மிக்ஸிக்குப் பொட்டு, இஸ்திரிப் பெட்டிக்குப் பொட்டு, என் சைக்கிளுக்கு இரண்டு. டூல்ஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சாமானையும் எடுத்துத் துணியில் பரப்பிப் பொட்டு வைத்திருந்தார். அதற்குப் பக்கத்தில் வாழை இலை. வாழை இலையில், ஃபிலிம் டப்பாத் தலையில் நின்றபடி, என் பன்னிரண்டு கப்பல்கள்.

கிட்டே போய்ப் பார்த்தேன். சந்தனத்தை நன்றாக நீர்க்கக் கரைத்திருந்தார். குங்குமம் அந்த ஈரத்தில் கரைந்து, மூக்கிலிருந்து இறங்கி, கோடு கோடாக, தகடு தகடாக, ஒரு பள்ளம் விடாமல் ஓடியிருந்தது. நான் மை ஓட்டப் பழகியதற்கு எத்தனையோ கப்பலைக் கெடுத்துக் கெடுத்துக் கழுவியிருக்கிறேன். குங்குமத் தண்ணீர் முதல் தடவையிலேயே அதைச் சரியாகச் செய்திருந்தது. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"தொட மாட்டேன்னு சொன்ன இல்ல!"

"தொடலியே பாப்பா" என்றார் அப்பா. கையில் தீக்குச்சி இருந்தது. "குச்சியாலதான் வெச்சேன். ஜன்னல் மேல ஒண்ணும் படல, நீயே பாரு."

"யாரு வெக்கச் சொன்னது?"

"வண்டி இல்லியா? ஞாயித்துக்கிழம ஓட்டப் போற. பூஜ போடாம எப்படி ஓட்டறது?"

நான் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. கத்தினேன். இரண்டு மாத வேலை போயிற்று, நாற்காலி போயிற்று, மறுபடியும் ஜூஸ் பாக்கெட்தான் என்பதையெல்லாம் கத்தினேன். பக்கத்து வீட்டு உருது பேசும் அம்மாள் ஜன்னலைத் திறந்து பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். கடைசியாக, "பொட்டு வெக்கணும்னா உன் ஃபேக்டரியில போய் வெக்கறதுதான? அங்க மெஷின் இல்லியா?" என்றேன்.

அப்பா தீக்குச்சியைக் கீழே வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பொரியைக்கூடத் தொடவில்லை. அம்மா என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடிக்கவில்லை, திட்டவில்லை. நேராகப் போய் மெஷினில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். பூஜை போட்ட மெஷினை அன்றைக்கு ஓட்டக் கூடாது என்று வருஷா வருஷம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். ஒரு வீட்டில் ஒரு சட்டமாவது உருப்படியாக இருக்கிறதா என்று அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன்.

குச்சியில் பஞ்சைச் சுற்றிச் சுற்றி மத்தியானம் முழுக்கத் துடைத்தேன். சந்தனம் வந்தது, விபூதி வந்தது, குங்குமம் வரவில்லை. துடைக்கத் துடைக்க வெள்ளை ரோஸ் ஆயிற்று. மாமா வந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"உங்கப்பாவ ஏதாச்சும் சொன்னியா?"

சொன்னதைச் சொன்னேன். மாமா என் கையிலிருந்த பஞ்சை வாங்கிக் கீழே வைத்தார். அப்புறம், "சரி, துடைக்காத. இருக்கறது இருக்கட்டும். நாளைக்கு வார்னிஷ் வந்துரும், அப்படியே அடிச்சிடலாம்" என்றார். எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று நினைத்தேன். அதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிவப்புக் கோட்டோடுதான் போனோம். மாமா பெட்டியைத் திறந்து கப்பல்களைக் கறுப்புத் துணியில் நிறுத்தினார். குடுமிக்காரர் குனிந்து பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னும் குனிந்தார்.

"ஏன் குரு இது! சூப்பராகிதே" என்றார். கன்னடத்தில், என்னப்பா இது, பிரமாதமாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சிவப்பை எப்படிக் கொண்டுவந்தாய் என்று மாமாவைக் கேட்டார்.

மாமாவுக்குக் கண் இமைக்கவில்லை. "ரஸ்ட் எஃபெக்ட் குரு. மூணு தடவ வாஷ் குடுத்தேன். பேஜாரு புடிச்ச வேல" என்றார்.

குடுத்தேனாம்! வெண்ணெய் பன் செய்தவர் சொல்கிறார். சுற்றி நின்ற ஐந்தாறு பேரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். என் கையில் ஏற்கெனவே ஜூஸ் பாக்கெட் வந்து சேர்ந்திருந்தது. அதை மேஜை மேல் வைத்தேன்.

"அது ரஸ்ட்டும் இல்ல, துருவும் இல்ல, குங்குமம். எங்கப்பா ஆயுத பூஜைக்கு வெச்சுட்டாரு. வெள்ள அடிச்சது, மை ஓட்டினது, ஜன்னல் வெச்சது எல்லாம் நான். மாமா ஒண்ணுமே செய்யல."

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் வெட்கமில்லாமல் சேர்ந்து சிரித்தார். ஆபீஸில் கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைத்து அது கீபோர்டுக்குள் கொட்டிய கதையை ஒருவர் சொன்னார். குடுமிக்காரர் மட்டும் சிரிக்காமல் பெரிய கப்பலைத் தூக்கி மூன்று மாடி ஜன்னலையும் பார்த்தார். பிறகு சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியைத் தானே இழுத்து வந்து போட்டார். நான் உட்கார்ந்தேன். உயரம் போதாமல் இரண்டு தலையணை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது, அது வேறு விஷயம்.

ஆட்டத்தில் என் ஆறு கப்பலும் அழிந்தன. நான் உருட்டியபோதெல்லாம் ஒன்று விழுந்தது, எதிராளி உருட்டியபோதெல்லாம் ஆறு விழுந்தது. "பூஜை போட்ட வண்டியாச்சே, சுட்டா பாவம் சேருமா?" என்று கேட்டுக் கேட்டுச் சுட்டார்கள். மாமாவின் ஆறு கப்பலும் ஒரு கீறல் இல்லாமல் தப்பித்தன. பொய் சொன்னவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமையிலிருந்து நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. "இன்னா ஆச்சு பாப்பா?" என்று அவரே ஆரம்பித்தார்.

"எல்லாம் போச்சு. உன் பூஜ ஒண்ணுத்துக்கும் ஒதவல."

"எல்லாமா?" என்றார். "ஒண்ணுகூட நிக்கலியா?"

"ஒண்ணுகூட."

"உள்ள இருந்த ஆளுங்க?"

"அது கேம்ப்பா. உள்ள ஆளே கிடையாது."

"அவ்ளோ ஜன்னல் வெச்சியே பாப்பா" என்றார் அப்பா. "ஆளில்லாமயா?"

இவருக்கு எதையும் புரியவைக்க முடியாது என்று உள்ளே போய்விட்டேன். சாப்பிடும்போதும் அவர் அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

போன ஆயுத பூஜைக்கு அம்மாவும் அப்பாவும் என் வீட்டில் இருந்தார்கள். அடுப்படியில் அம்மா சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம் போல இந்தக் கதையை எடுத்து, விண்கப்பலுக்குக் குங்குமம் வைத்த மனிதர் என்று நியாயம் கேட்டேன். அம்மா கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்த வருஷம் பொட்டு வெக்க அவருக்கு வேற மெஷின் ஏது?" என்றாள்.

பிறகு சொன்னாள். பூஜைக்கு இரண்டு மாதம் முன்பே தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்களாம். டூல்ஸ் பெட்டியை மட்டும் எடுத்துக்கொள்ள விட்டார்களாம். அப்பா தினமும் டிபன் டப்பாவோடு கிளம்பிப் போய், மற்றவர்களோடு கேட்டுக்கு எதிரில் நின்றுவிட்டு வந்தாராம். பொங்கலுக்கு அப்புறம்தான் வேறொரு பட்டறையில் வேலை கிடைத்ததாம். அம்மாவுக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும். எனக்கு மட்டும் சொல்லவில்லை.

"ஏன்?"

"நீ ராவும் பகலுமா ஜன்னல் வெச்சுனு இருந்த. 'இப்ப சொன்னா பாப்பாவுக்குக் கை நடுங்கும், அந்த ஞாயித்துக்கிழம தாண்டட்டும்'னாரு. அப்புறம் அதும் தாண்டிப் போச்சு."

ஹாலுக்குப் போனேன். அப்பா டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் நின்று, பதின்மூன்று வயதில் கத்தியதைவிடச் சத்தமாகக் கத்தினேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை, நான் என்ன பச்சைக் குழந்தையா, மெஷின் இல்லையா என்று நான் கேட்டேனே அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா, ஏன் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு போனாய் என்றெல்லாம் கேட்டேன். அவர் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

"நீ கேட்டதுல இன்னா தப்பு?" என்றார். "மெஷின் இருந்துச்சே. உள்ளதான் இருந்துச்சு. அன்னிக்கு ஒரு நாளு, ஒரு மணி நேரம் கேட்டத் தொறந்து வுடுங்கய்யா, பொட்டு வெச்சுட்டு வந்துர்றோம்னு முந்தின நாளே அத்தினி பேரும் கேட்டோம். வாட்ச்மேன விட்டு வெரட்டினானுங்க பாப்பா. ஒரு பொட்டுக்கு! பதினெட்டு வருஷம் ஓட்டின மெஷினு. வெறும் நெத்தியோட நின்னுச்சு."

ரிமோட்டை மேஜை மேல் ஓங்கி வைத்தார். எங்கள் வீட்டில் கோபம் என்பது எனக்கு மட்டும்தான் உண்டு என்று அதுவரை நினைத்திருந்தேன்.